ஸ்கேனில் தெரியுமா குடி?

"தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?"

குடியை விட முடியாத ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிற குடும்பம் இப்படிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. வயிற்று வலிக்கு ஸ்கேன், முதுகு வலிக்கு ஸ்கேன் என்று நாம் பழகிவிட்டோம். ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்கு வாரம் முழுக்க ஒழுங்காகப் போய்வரும் மனிதர், சம்பளம் வாங்கிய அன்று மட்டும் வீட்டுக்கு வராமல் டாஸ்மாக் பக்கம் திரும்பிவிடுகிறார். மறுநாள் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறார். அடுத்த சம்பளத்தன்று மறுபடியும் அதே கதை. மண்டைக்குள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, அதைப் படம் பிடித்துப் பார்த்தால் என்ன என்று மனைவிக்குத் தோன்றுகிறது. டாக்டரோ பெரும்பாலும் "இப்போதைக்கு வேண்டாம்மா" என்கிறார். செலவுக்குப் பயந்து சொல்கிறாரா, அக்கறை இல்லாமல் சொல்கிறாரா என்று குடும்பத்துக்குச் சந்தேகம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் குடிக்கோ பீடிக்கோ கஞ்சாவுக்கோ அடிமையாகிவிட்டாரா என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஸ்கேன் உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால், போதைப் பழக்கத்தைப் பற்றி இன்றைய மருத்துவத்துக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களில் பல ஸ்கேன் அறையிலிருந்து வந்தவைதான். முரணாகத் தெரியும். எப்படி இரண்டும் உண்மை என்று பார்க்கலாம்.

வேலூர்க்காரர்களுக்கு மூளை மருத்துவம் புதிதல்ல. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949ல் வேலூர் சி.எம்.சி.யில்தான் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. மூளையின் எந்தப் பகுதி எந்த வேலையைச் செய்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டிய வைல்டர் பென்ஃபீல்டிடம் கனடாவின் மான்ட்ரியலில் பயிற்சி பெற்று வந்தவர். அந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவரின் மூளையைப் பார்ப்பது லேசான காரியமல்ல. முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி, அது மூளைக்குள் ஏறியதும் எக்ஸ்ரே எடுப்பார்கள். தலைவலியும் வாந்தியும் நோயாளியைப் படுத்தி எடுத்துவிடும். நெடுங்காலம் குடித்தவர்களின் மூளை சுருங்கியிருக்கிறது என்பதை மேல்நாட்டு மருத்துவர்கள் 1950களில் கவனித்தது இந்தக் கொடுமையான படங்களில்தான்.

1971 அக்டோபரில் லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதல் முறையாக சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்து எம்.ஆர்.ஐ. வந்தது. இவை இரண்டும் மூளையின் அமைப்பைக் காட்டுபவை. கட்டி, ரத்தக் கசிவு, வீக்கம், சுருக்கம் எல்லாம் தெரியும். ஆசை தெரியாது. அதற்கு வேறு இரண்டு முறைகள் தேவைப்பட்டன. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தத்துக்கும் இல்லாத ரத்தத்துக்கும் காந்தத் தன்மையில் சிறு வேறுபாடு உண்டு. அதை வைத்தே மூளை எங்கே வேலை செய்கிறது என்று பார்க்கலாம் என 1990ல் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. இந்த முறைக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. என்று பெயர். இன்னொன்று பெட் ஸ்கேன். கதிரியக்கம் ஏற்றிய மருந்தை மிகச் சிறிய அளவில் ஊசி வழியாகச் செலுத்தி, அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்பது. நம்மூர் பெரிய ஆஸ்பத்திரிகளில் பெட் ஸ்கேன் பெரும்பாலும் புற்றுநோயைத் தேடத்தான் பயன்படுகிறது. போதை ஆராய்ச்சிக்கு வேறு மருந்து வேண்டும். அதில் ஏற்றும் கார்பன்-11 கதிரியக்கம் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இந்த ஆராய்ச்சி உலகில் சில இடங்களில் மட்டும் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படி ஓர் இடம் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம். அங்கே நோரா வோல்கோ என்ற மனநல மருத்துவர் 1990களில் போதைக்கு அடிமையானவர்களை வரிசையாகப் பெட் ஸ்கேன் எடுத்தார். (ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி இவர், டிராட்ஸ்கி கொலையுண்ட மெக்சிகோ வீட்டிலேயே வளர்ந்தவர்.) அவர் தேடியது டோபமின். சாப்பாடு, பாராட்டு, சம்பளம் என்று எது நமக்கு நல்லதாகப் படுகிறதோ அதைக் குறித்துவைத்துக்கொண்டு மறுபடி தேடிப் போகச் செய்வதில் இந்த ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது வந்து ஒட்டும் டி-2 என்ற ஏற்பிகள், கொக்கைனுக்கு அடிமையானவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. 1996ல் மதுவுக்கு அடிமையானவர்களிடமும் அதையே கண்டார்.

ஏற்பி குறைந்தால் என்ன ஆகும்? சின்னச் சின்ன சந்தோஷங்கள் உறைப்பதில்லை. பிள்ளையின் சிரிப்பு, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, நண்பர்களோடு கிரிக்கெட் எல்லாம் சப்பென்று ஆகிவிடுகின்றன. போதைப்பொருள் மட்டுமே இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது. குடிக்கிறவர் ஜாலிக்காகக் குடிக்கிறார் என்று நாம் திட்டுகிறோம். நாள்பட்ட குடிகாரரைக் கேட்டால், குடியில் ஜாலி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது என்பார். அவர் சொல்வதைப் பெட் ஸ்கேன் ஆமோதிக்கிறது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழும். குடித்ததால் ஏற்பி குறைந்ததா, ஏற்பி குறைவாகப் பிறந்ததால் குடித்தாரா? இதற்கு மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய முடியாது. 2002ல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் குரங்குகளை வைத்துச் செய்தார்கள். தனித்தனிக் கூண்டில் இருந்த குரங்குகளை முதலில் ஸ்கேன் எடுத்து, பிறகு நான்கு நான்காகச் சேர்த்து விட்டார்கள். கூட்டத்தில் தலைவனாக எழுந்த குரங்கின் டி-2 அளவு சுமார் 20 சதவீதம் கூடியது. அடங்கிப்போன குரங்குக்குக் கூடவில்லை. பிறகு கொக்கைனை எட்டும் தூரத்தில் வைத்தபோது, அடங்கிப்போனவை அதை நாடின. தலைவர்களை அது அவ்வளவாக இழுக்கவில்லை. குரங்குக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. இருந்தாலும் இந்தத் துறையின் சோதனைகளில் என் மனதில் அதிகம் தங்கியது இதுதான். கூட்டத்தில் ஒருவருக்கு உள்ள இடம் அவருடைய மூளையின் ரசாயனத்தையே மாற்றுகிறது என்பதைப் படமாகவே காட்டிவிட்டார்கள்.

இனி, சம்பள நாளுக்கு வருவோம். அந்த மனிதர் காலையில் செய்த சத்தியம் பொய்யில்லை. அப்படியானால் சாயங்காலம் என்ன நடக்கிறது? போதையைப் பற்றிய எஃப்.எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் பல இதைப் பற்றியவைதான். குடிப்பழக்கம் உள்ளவரை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து பாட்டில், டம்ளர், கடை என்று படங்களைக் காட்டுகிறார்கள்; இடையிடையே மேஜை, நாற்காலி படங்களும் வரும். பாட்டிலைக் கண்டதும் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஆசைக்கான பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை; பார்த்ததோடு சரி. 2006ல் வோல்கோவின் குழு கொக்கைன் பழக்கம் உள்ளவர்களுக்கு வெறும் வீடியோவைக் காட்டியபோதே டோபமின் சுரப்பதைப் பெட் ஸ்கேனில் பார்த்தது. அதுவும் பழக்கதோஷமாக, யோசிக்காமல் செய்யும் வேலைகளைக் கவனிக்கும் பகுதியில். சைக்கிள் ஓட்டும்போது காலை எப்படி மிதிப்பது என்று நாம் யோசிப்பதில்லை. கடையைப் பார்த்ததும் வண்டி தானாகத் திரும்புவதும் ஏறக்குறைய அந்த வகையைச் சேர்ந்தது. "யோசிச்சுப் பாத்திருந்தா போயிருப்பியா?" என்று மனைவி கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதில், அந்த நேரத்தில் யோசனை வந்து சேரவே இல்லை என்பதுதான்.

இதிலிருந்து பிறக்கும் யோசனை மிகச் சாதாரணமானது. மன உறுதியை நம்பி அந்தக் கடை வழியாகவே போய்வராதீர்கள். வேறு வழியில் போங்கள். சம்பளத்தை முடிந்தால் மனைவியின் கணக்கில் போடச் சொல்லுங்கள். பழைய கூட்டாளிகளை ஆறு மாதம் பார்க்காதீர்கள். போதை மீட்பு ஆலோசகர்கள் ஸ்கேன் வருவதற்கு முன்பிருந்தே இதையெல்லாம் சொல்லிவருகிறார்கள். ஏன் அது வேலை செய்கிறது என்பதை ஸ்கேன் விளக்கியது, அவ்வளவே. சூழல் எவ்வளவு பெரியது என்பதற்கு ஸ்கேனே இல்லாத ஓர் ஆய்வும் உண்டு. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகித் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போர்க்களமும் அங்கே ஹெராயின் விற்றவனும் கூட இருந்த சிப்பாய்களும் ஊரில் இல்லை. நம் ஆள் சிகிச்சை முடிந்து வருவதோ அதே தெருவுக்கு, அதே ஷிஃப்டுக்கு.

பீடியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தைப் பற்றி எழுத முடியாது. குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் வீடுகளில் பெண்கள் பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர் இது. அவர்கள் சுற்றும் பீடியில் ஒன்று மூளையில் என்ன செய்கிறது? லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்தர் பிராடி குழு 2006ல் சிகரெட்டை வைத்து அளந்தது. ஒன்றிரண்டு இழுப்பிலேயே நிகோடினுக்கான முக்கிய ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுகின்றன. முழு சிகரெட் முடிந்ததும் ஏறத்தாழ எல்லாம் நிரம்பிவிடும். "நாலு இழுப்புதான் இழுக்கிறேன், முழுசாப் பிடிக்கிறதில்லை" என்று சமாதானம் சொல்பவர்களுக்கு இது நல்ல சேதி அல்ல. எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகிறவர் ஏன் ஏதோ ஓர் எண்ணில் மாட்டிக்கொள்கிறார் என்பதற்கும் இதில் ஒரு காரணம் கிடைக்கிறது.

புகைப்பழக்கத்தில் இன்னொரு வினோதமான கண்டுபிடிப்பும் படங்களிலிருந்தே வந்தது. பக்கவாதம் முதலியவற்றால் மூளையில் காயம்பட்ட 69 புகைப்பிடிப்பவர்களின் படங்களை அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ல் ஒப்பிட்டார்கள். இன்சுலா என்ற உள்மடிப்புப் பகுதியில் காயம்பட்ட 19 பேரில் பலருக்குப் புகைக்கும் ஆசையே சட்டென்று அறுந்துபோயிருந்தது. கஷ்டப்பட்டு விட்டவர்கள் அல்ல. விட்டதே தெரியாமல் விட்டவர்கள். உடம்பின் உள்ளே நடப்பதை, பசியை, படபடப்பை நமக்கு உணர்த்தும் பகுதி அது. 2022ல் 129 பேரை வைத்து இன்னொரு குழு தேடியபோது ஒரே ஒரு இடம் அல்ல, ஒன்றோடொன்று இணைந்த ஒரு வலைப்பின்னலே இதில் சம்பந்தப்பட்டிருப்பது தெரிந்தது. மூளையில் காயம் ஏற்படுத்திப் புகையை நிறுத்துவது வைத்தியம் ஆகாது. ஆனால் வெளியிலிருந்து எந்த இடத்தைத் தொட்டால் பயன் இருக்கும் என்று தேடுகிறவர்களுக்கு அது வழிகாட்டியது.

நம் பக்கத்து ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டுமென்றால் பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான். ஆம்பூரிலிருந்து ரயிலில் சில மணி நேரப் பயணம். அங்கே டாக்டர் விவேக் பெனகல் குழு கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் குடிக்கிறவரை அல்ல, குடிக்கிறவரின் பிள்ளையை ஸ்கேன் எடுத்தார்கள். இள வயதிலேயே குடிக்கு அடிமையான தந்தையருக்குப் பிறந்த, அதுவரை மதுவைத் தொடாத இளைஞர்கள். 2007ல் வெளியான அந்த ஆய்வில், அவர்களுடைய மூளையில் நெற்றிப் பகுதி, அமிக்டலா, தாலமஸ், சிறுமூளை முதலிய இடங்களில் சாம்பல் நிறத் திசு மற்ற இளைஞர்களைவிடக் குறைவாக இருந்தது. அது குறையக் குறைய, பொறுமையின்மையும் அடங்காத்தனமும் கூடுதலாக இருந்தன. ஆக, மூளையில் காணும் வேறுபாடு எல்லாமே சாராயம் செய்த வேலை இல்லை. ஒரு பகுதி குடிக்கும் முன்பே இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "அப்பன் குடிகாரன், பிள்ளையும் அப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த இளைஞர்களில் யார் பின்னால் குடிப்பார் என்று அந்தப் படம் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நிம்ஹான்ஸும் இங்கிலாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து சி-வேடா என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். இந்தியாவில் 7 இடங்களில் 6 முதல் 23 வயது வரையிலான சுமார் 9,000 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேன். அந்த 7 இடங்களில் ஒன்று ஆந்திராவின் ரிஷிவேலி. எல்லைக்கு அந்தப் பக்கம், வேலூருக்கு ரொம்ப தூரம் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் உங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்கேன் வேண்டாம் என்கிறார் டாக்டர்? மேலே சொன்ன ஒவ்வொரு முடிவும் ஒரு கூட்டத்தின் சராசரி. ஷூ கம்பெனியில் ஆயிரம் பேர் கால் அளவைக் கூட்டி வகுத்தால் சராசரி எட்டு என்று வரலாம். அதற்காக எட்டாம் நம்பர் ஷூ உங்கள் காலுக்குச் சேரும் என்று யாரும் பெட்டியைக் கையில் கொடுப்பதில்லை. குடிக்காத ஒருவரின் டி-2 அளவு குடிப்பவரைவிடக் குறைவாக இருக்கலாம். ஒரே ஆளை இரண்டு தடவை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்தால் இரண்டு விதமான படம் வரலாம். 2020ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இந்த நம்பகத்தன்மை குறைவு என்றே சொன்னார்கள். படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிர்வது மூளையின் நிறமும் அல்ல, கணக்குப் போட்டுப் பிறகு பூசியது. கணக்கைக் கவனமாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட 2009ல் கிரெய்க் பென்னட் என்பவர் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனை ஸ்கேனில் வைத்து, மனிதர்களின் உணர்ச்சிகளைக் காட்டும் போட்டோக்களை அதற்குக் காட்டினார். மீனின் மூளையில் ஒரு புள்ளி "விழித்துக்கொண்டது". 2012ல் அவருக்கு இக் நோபல் பரிசு என்ற கிண்டல் பரிசு கிடைத்தது. கிண்டல் என்றாலும் இந்தத் துறை அதிலிருந்து நிறையத் திருந்தியது. மூளையைப் படம் பிடித்து அடிமைத்தனத்தைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் அந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம், குடிப்பவருக்கு ஸ்கேன் அவசரமாகத் தேவைப்படும் நேரங்கள் உண்டு. இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது உயிரைக் காக்கும்.

முதலாவது, விழுந்த அடி. குடித்துவிட்டு விழுந்தவர் எழுந்து நடமாடுவார், ஒன்றுமில்லை என்பார். நாளாகக் குடித்தவரின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இருக்கும் ரத்தக் குழாய்கள் இழுபட்டு எளிதில் கிழியும். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதும் தாமதம். கசிவு மெல்லச் சேர்ந்து சில நாளிலோ வாரங்களிலோ தூக்கக் கலக்கமாக, ஒரு பக்கம் பலவீனமாக வெளிப்படும். "போதை இன்னும் தெளியல" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள். சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் சொல்லிவிடும். முதல் முறையாக வலிப்பு வந்தாலும் ஸ்கேன் எடுப்பார்கள்.

இரண்டாவது, தயமின் என்கிற வைட்டமின் பி-1 பற்றாக்குறை. சோறில்லாமல் குடித்தே காலம் தள்ளுபவருக்கு வருவது. திடீரென்று குழப்பம், தள்ளாட்டம், கண் ஒரு நிலையில் நிற்காமல் ஆடுவது. எம்.ஆர்.ஐ.யில் மூளையின் நடுப்பகுதியில் இதன் தடயம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதனால் டாக்டர் சந்தேகம் வந்ததுமே ஊசியைப் போட்டுவிடுவார், படத்துக்குக் காத்திருக்க மாட்டார். காத்திருந்தால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடலாம்.

மூன்றாவதை 2024 ஜூனில் தமிழ்நாடே பார்த்தது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும், மூளையில் புட்டாமென் என்ற பகுதியையும் தாக்குகிறது. பிழைத்தவர்களின் எம்.ஆர்.ஐ.யில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அந்தப் பகுதி வெந்துபோன தடயம் தெரிவது உண்டு. பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் மணிக்கணக்கு முக்கியம். டயாலிசிஸும் மாற்று மருந்தும் அன்றே கிடைக்க வேண்டும்.

ஆம்பூர் போன்ற தோல் தொழில் வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. ஷூவின் அப்பரையும் சோலையும் ஒட்டும் சொல்யூஷனில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த கரைப்பான்களில் ஒன்று டொலுவீன். பெயின்ட் தின்னரிலும் அது உண்டு. அதை வேண்டுமென்றே முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வது உலகம் முழுக்கப் பெரும்பாலும் சிறுவர்களின் பழக்கம். எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பில், இப்படி முகர்பவர்கள் பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 1.17 சதவீதம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த போதை இது ஒன்றுதான். டொலுவீன் கொழுப்பில் கரையும். மூளையில் நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் கொழுப்பு. பபூன் குரங்குகளுக்குக் கதிரியக்கம் ஏற்றிய டொலுவீனைக் கொடுத்துப் பார்த்தபோது சில நிமிடங்களில் மூளையின் ஆசைப் பகுதிகளில் ஏறியது. வருஷக்கணக்கில் முகர்ந்தவர்களின் எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் பகுதி சேதமடைந்து, மூளை சுருங்கியிருப்பது தெளிவாகத் தெரியும். மற்ற போதைகளில் பெரும்பாலும் ஆய்வுக் கணக்கில் மட்டும் தெரிகிற மாற்றம், இங்கே ஒற்றை ஆளின் படத்திலேயே ரேடியாலஜிஸ்ட் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்கும்.

பேஸ்டிங் வேலையில் இருப்பவர்கள் பயந்துவிட வேண்டாம். போதைக்காக முகர்பவர் உள்ளிழுக்கும் அளவு, ஒழுங்கான காற்றோட்டம் உள்ள தொழிற்சாலையில் மூச்சில் சேர்வதைப் போலப் பல மடங்கு. ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் வேலை செய்து சாயங்காலம் தலை கிறுகிறுக்கிறது என்றால் அதை "பழகிடும்" என்று விடக் கூடாது. சில பசைகளில் இருக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பான் மூளையை விட்டுவிட்டுக் கால் நரம்புகளைத் தாக்கும். 1960களில் ஜப்பானில் செருப்பு செய்தவர்கள் நடக்க முடியாமல் போனது அதனால்தான். தலை ஸ்கேனில் அது தெரியவே தெரியாது. காற்றை வெளியேற்றும் விசிறி, தண்ணீரில் கரையும் பசை, மூடி போட்ட டப்பா என்று தீர்வுகள் தொழிற்சாலையில்தான் இருக்கின்றன.

சேதத்தைப் பற்றியே பேசிவிட்டேன். விட்ட பிறகு என்ன ஆகிறது? இதில்தான் ஸ்கேன் உண்மையிலேயே ஆறுதல் தருகிறது. குடியை நிறுத்திய 15 பேரை 6, 7 வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்த ஓர் ஐரோப்பிய ஆய்வில் (2007) மூளையின் அளவு சராசரியாக 2 சதவீதத்துக்கு அருகில் கூடியிருந்தது. 2023ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சுமார் 7 மாதம் குடிக்காமல் இருந்தவர்களின் மூளைப் புறணி, அளந்த 34 பகுதிகளில் 25ல் தடித்திருந்தது. அதிலும் முதல் மாதத்தில் மீட்சி வேகம். ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தாமதம். அமெரிக்காவில் மெத்தாம்பெட்டமின் போதையை விட்டவர்களுக்கோ டோபமின் பகுதி ஓரளவு தேற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் மூன்று மாதம் சுரத்தே இல்லாமல், எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்து "குடிச்சப்பவே பரவாயில்ல" என்று வீட்டில் நொந்துகொள்கிறார்களே, அந்தக் காலம் மூளை இன்னும் தேறிக்கொண்டிருக்கும் காலம்.

சிகிச்சைக்கு நேரடியாக என்ன கிடைத்தது என்றால், தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் முறை. ராஞ்சி மத்திய மனநல நிறுவனத்தில் 45 குடிநோயாளிகளை வைத்து நடந்து 2010ல் வெளியான ஆய்வில், நெற்றியின் வலப்பக்கத்தில் 10 அமர்வுகள் காந்தத் தூண்டல் பெற்றவர்களுக்குக் குடிக்கும் வேட்கை, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் குறைந்தது. புகையை விடுவதற்காக இன்சுலாவரை எட்டும் ஆழமான காந்தத் தூண்டலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020ல் அனுமதி தந்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில், சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில் 28 சதவீதம் பேர் நான்கு வாரம் தொடர்ந்து புகைக்காமல் இருந்தார்கள்; போலிச் சிகிச்சையில் 11.7 சதவீதம். பயன் இருக்கிறது, ஆனால் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அப்போதும் விடவில்லை. குடிக்கு நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளும் ஆலோசனையும்தான் இன்றைக்கும் முதல் வழி. அந்த மாத்திரையின் வழக்கமான அளவு, போதையின் இன்பத்தைத் தரும் ஒரு வகை ஏற்பிகளை ஏறக்குறைய முழுதும் அடைத்துவிடுகிறது என்பதையும் பெட் ஸ்கேன்தான் காட்டியது.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களில் தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறது. நோயாளியைத் தனியாகச் சேர்த்துக்கொள்வதில்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். 1963லேயே அமெரிக்க மனநல மருத்துவ இதழில் இதைப் பற்றிக் கட்டுரை வந்தது. அன்றைக்கு அதற்கு ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இன்றைக்கு டோபமின், சூழல், மாதக்கணக்கில் நடக்கும் மீட்சி என்றெல்லாம் படித்துவிட்டுப் பார்த்தால், குடிநோய்க்கு அது எவ்வளவு பொருத்தம் என்று தோன்றுகிறது. வீட்டுக்குப் போன பிறகு எந்த வழியாக வேலைக்குப் போவது என்று முடிவு செய்யும்போது கூட இருக்க வேண்டியவர் அந்த ஆள்தானே.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒரு காகிதத்தில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்: கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், முன்பு நிறுத்தியபோது வலிப்போ, இல்லாத ஆள் தெரிவதோ, பிதற்றலோ வந்ததா, கடந்த இரண்டு மாதத்தில் தலையில் அடிபட்டதா, சாப்பாடு எப்படி, பீடி, ஹான்ஸ், மாத்திரை வேறு ஏதாவது உண்டா. இந்தக் காகிதம் டாக்டருக்கு ஸ்கேன் படத்தைவிட அதிகம் சொல்லும். தினமும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டாம் மூன்றாம் நாளில் உயிருக்கே ஆபத்தான பிதற்றல் நிலையும் வரலாம். மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டால் இரண்டையும் தடுக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. இரண்டுமே இலவசம்.